பெயருக்குக் காவல்

"கள்ளன் கூரில இருக்கிறான், தம்பி!"

உருத்திரமூர்த்தி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை என்பதால், பக்கத்து வீட்டுத் தவச்செல்வன் உண்மையிலேயே பயந்துபோனான்.

விஷயம் இதுதான். சுவிஸின் கூர் நகரில் வீடு வாடகைக்கு விடும் முகவர் ஒருவர் இவருக்குப் போன் எடுத்து, "நீங்கள் கேட்ட வீடு" என்று தொடங்கியிருக்கிறார். விண்ணப்பத்தில் இருந்த நம்பர் வேலை செய்யாததால் பெயரை இணையத்தில் தேடி, வின்டர்தூர் நகரில் இருக்கும் இவரைப் பிடித்தாராம். ஆள் மாறிவிட்டது என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டார்.

"உங்கட பேரில வேற ஆரும் இருக்கலாம்தானே, அண்ணை?"

"சுவிஸில உருத்திரமூர்த்தி எண்டு நான் ஒராள்தான். இண்டைக்கு வீடு கேட்டவன் நாளைக்கு என்ட பேரில கடன் கேப்பான். சுவிஸ் பாஸ்போட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கிற நேரம் பேரில ஒரு கறை விழுந்தா என்ட கதை முடிஞ்சுது."

தவச்செல்வன் மடிக்கணினியைத் திறந்தான். ஆளடையாளத் திருட்டுக்குக் காவல் இருக்கும் நிறுவனங்கள் வரிசையாக வந்து நின்றன.

முதலாவது நிறுவனம் பிறந்த திகதி, கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் கேட்டது. "கள்ளனுக்குத் தெரியாததையும் இவன் கேக்கிறான். இவன் காவல்காரனோ, கள்ளன்ர தமையனோ?" என்றார் உருத்திரமூர்த்தி. வேலியே பயிரை மேயும் காலம் என்பதால் தவச்செல்வன் மறுக்கவில்லை.

"அடுத்ததில குடும்பத் திட்டம் மலிவா இருக்கு, அண்ணை."

"குடும்பம் உள்ளவன் எடுக்கட்டும். நீ மற்றதைப் பார்."

தவச்செல்வன் நாக்கைக் கடித்துக்கொண்டான். வன்னிப் போரின் கடைசி நாட்களோடு அவருக்குக் குடும்பம் என்ற பேச்சே முடிந்துபோனது அவனுக்குத் தெரியும்.

மூன்றாவது நிறுவனம் பரவாயில்லை. பெயரைப் பாவித்தவரைத் தேடிப் பிடித்து, நேரடியாக உங்களிடமே விளக்கம் சொல்ல வைக்குமாம். யார் போனில் கேட்டாலும் சொந்த விபரம் எதையும் சொல்லக்கூடாது என்றும் கொட்டை எழுத்தில் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை உருத்திரமூர்த்திக்கு மிகவும் பிடித்துப்போக, அதையே எடுத்தார்.

அடுத்த கிழமை தவச்செல்வன் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. கூர் நம்பர். இருவரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார்.

"உருத்திரமூர்த்தி ஐயாவோ?" பெண் குரல். அதுவும் தமிழ்.

"பொம்பிளையை விட்டுக் கதைக்கிறாங்கள்," என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போன் பக்கம் குனிந்தார். "ஓம், அது என்ட பேர். நீர் ஏன் அதைப் போட்டுக்கொண்டு திரியிறீர்?"

"நான் களவெடுக்கேல்லை, ஐயா. சின்னனில இருந்து என்ட பத்திரம் எல்லாத்திலயும் அந்தப் பேர்தான் இருக்கு." குரல் கொஞ்சம் தயங்கியது. "உங்களுக்கு ஊர் முள்ளியவளையோ?"

உருத்திரமூர்த்தி திடுக்கிட்டார். தவச்செல்வன், சொல்லவேண்டாம் என்று கையைக் காட்டினான்.

"அங்க உழவு மிஷின் திருத்திறனீங்களோ?"

"இதெல்லாம் உமக்கு ஆர் சொன்னது?"

"கோவிக்காதேங்கோ. இன்னும் ஒண்டே ஒண்டு. நீங்கள் நித்திரையில பாட்டுப் படிக்கிறனீங்களோ?"

அவர் நித்திரையில் பாடுவது சுவருக்கு இந்தப் பக்கம் படுக்கும் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். உருத்திரமூர்த்தி மெல்லத் தலையைத் திருப்பித் தவச்செல்வனைப் பார்த்தார்.

"நீயோடா என்ட விபரத்தை வித்தனி?"

"அண்ணை, அம்மாவாணை நான் இல்லை!"

"எந்த நிறுவனம் எண்டு காட்டினதும் நீ. இப்ப இவளுக்கு எல்லாம் தெரியுது. உன்னைப் போய்த் தம்பி எண்டு நம்பினனே!"

தவச்செல்வனுக்கு அழுகையே வந்துவிட்டது. போனிலும் யாரோ விம்முவது கேட்டது. அதுவும் நடிப்பு என்று உருத்திரமூர்த்தி நினைத்தார்.

"கேட்டுக்கொள்ளும், பிள்ளை. நான் இப்ப பொலிசுக்குப் போறன். உங்கட கூட்டம் முழுக்க உள்ள போகும்," என்று கத்திவிட்டு, போனை நிறுத்த விரலைக் கொண்டுபோனார்.

"வைக்காதேங்கோ அப்பா! நானும் அம்மாவும் சாகேல்லை!"