மலை சுற்றியும் குறையாத எடை

"தினமும் காலையில மலை சுத்தற ரோட்டுல நடக்கறாரு டாக்டரம்மா. அப்புறமும் எடை எப்படி ஏறும்?" பாஞ்சாலை கணவரை முறைத்தாள்.

தசரதன் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தை அக்கறையாக ஆராய்ந்தார். ஐம்பத்து மூன்று வயது. சர்க்கரையும் பிரஷரும் வாடகை தராமல் உடம்பில் குடியிருக்கின்றன.

"அவரு மட்டுமில்லம்மா, நீங்களும்தான் குறையல" என்றார் டாக்டர். "ரெண்டு பேருக்கும் சர்க்கரை. சார், உங்களுக்கு இப்படியே போனா அடுத்த மாசம் இன்சுலின் ஊசிதான்."

"நானும் தினம் சாயங்காலம் கோயிலுக்கு நடந்துதான் போறேன். எனக்குத் தைராய்டு. இவருக்கு நாக்கு" என்றாள் பாஞ்சாலை.

ஆட்டோவிலும் அவள் விடவில்லை.

"ராத்திரி ரெண்டே சப்பாத்தி. காலையில கேழ்வரகுக் கஞ்சி. உப்பு, எண்ணெய் எல்லாத்தையும் கம்மி பண்ணிட்டேன். வழியில எங்கியோ வாய வெக்கறீங்க. உண்மையச் சொல்லுங்க."

"அண்ணாமலையார் சத்தியமா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். மலை எதிரிலேயே நின்றது. பொய்ச் சத்தியம் செய்ய நாக்கு எழவில்லை. "நடக்கறேன்னு சொல்றேன்ல!"

"நீங்க படுத்துட்டா யாரு பாக்கறது? நமக்குன்னு வேற யாரு இருக்காங்க?"

தசரதனுக்கு நெஞ்சு வலித்தது. இது டாக்டரிடம் சொல்லக்கூடிய வலி இல்லை.

மறுநாள் காலை, இன்றைக்குக் கூடவே கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார். அடி அண்ணாமலை கிராமத்தைத் தாண்டியதும் அந்தத் தள்ளுவண்டி கண்ணில் பட்டது. கால் தானாக நின்றது. ஊசியை நினைத்தாலே பயம்தான். ஆனால் எதையும் சாப்பிடாமல் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்துகொண்டிருக்க முடியுமா?

வண்டிக்காரி ஒன்றும் கேட்கவில்லை. பொங்கலை வைத்து, மேலே ஒரு வடையும் வைத்துத் தட்டை நீட்டினாள். அவரும் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

சாப்பிடும்போது அவர் பார்வை வந்த வழியிலேயே இருக்கும். தெரிந்தவர்கள் யார் வந்தாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். அண்ணாமலையை யாரும் எதிர்த்திசையில் சுற்ற மாட்டார்கள். அதிலும் பாஞ்சாலைக்கு அது மகா பாவம்.

"பொங்கல் நல்லாருக்கா?"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினார். முந்தானையால் வியர்வையைத் துடைத்தபடி பாஞ்சாலை நின்றுகொண்டிருந்தாள்.

"நீ... நீ எப்படி எதிர்த்தாப்புல..."

"பின்னாடியே வந்தா பாத்துடுவீங்களே! ஆட்டோவுல அந்தப் பக்கமாப் போயி, எறங்கி நடந்து வரேன். சாமி என்னை மன்னிச்சிடுவாரு. நான் உங்கள மன்னிக்க மாட்டேன். குடுங்க தட்ட!"

பிடுங்கிவிட்டாள். பொங்கல் போனால் போகட்டும். தசரதன் அவசரமாக எழுந்து, தன் பெரிய உடம்பால் வண்டியை மறைத்துக்கொண்டு நின்றார். முதல்முறையாக அந்த உடம்பு போதவில்லை என்று தோன்றியது.

பாஞ்சாலையின் பார்வை அவர் தோளைத் தாண்டிப் போனது. முகம் வெளிறியது.

பார்த்துவிட்டாள்!

'ஓடிப்போனவ பேரை இந்த வீட்ல எடுத்தா கொலை விழும்' என்று நாலு வருஷத்துக்கு முன்னால் கத்தியவர் அவர்தான். பெற்றவள் அழுது அழுது முகம் வீங்கியும் மனம் இளகவில்லை. இன்றைக்கு அதே மகள் எதிரில் திருட்டுத்தனமாக உட்கார்ந்து, அவள் கையால் வாங்கித் தின்கிறார். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இதைச் சொல்வது?

"பாஞ்சால... தப்பு என்னுதுதான். பெத்த பொண்ணு... பாக்காம இருக்க முடியல" என்றார்.

பாஞ்சாலை தலையைக் குனிந்துகொண்டாள்.

மகள் சிந்துஜா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, தினம் சாயங்காலம் வண்டி கோயில்கிட்ட நிக்கறப்பதானே போண்டா சாப்ட வருவ? இன்னிக்குக் காலையிலயே இங்க வந்துட்ட?"