தளர்ந்த ஸ்பிரிங்

“இதைவிடத் தளர்ந்ததா ஒரு ஜோடி கிடைக்குமா?”

பழைய உதிரிபாகக் கடைக்காரர் கையிலிருந்த ஸ்பிரிங்கைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஐயா, பழசைக் கழட்டிட்டுப் புதுசு தேடி வருவாங்க. புதுசைக் கழட்டப்போறேன், பழசு குடுன்னு வந்த முதல் ஆள் நீங்கதான்!”

பக்கத்தில் நின்ற மகளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வீட்டில் அவளுக்குச் செல்லப்பெயர் சிட்டு. அந்தப் புது ஸ்பிரிங் அவள் வாங்கிப் போட்டது.

விடுமுறைக்கு வந்த அன்றே கார் அவள் கண்ணில் பட்டது. அவள் பள்ளிக்கூடம் போன கார். கல்யாணமாகிப் புறப்பட்டதும் அதில்தான். ‘நம்ம வீட்டு மூத்த பிள்ளை’ என்பார் அப்பா. அந்த மூத்த பிள்ளை இப்போது முன்பக்கம் உட்கார்ந்துபோய், மூக்கைத் தரையில் தேய்க்காத குறையாக நின்றது.

அந்த மாடலுக்கு ஸ்பிரிங் வருவது நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. சிட்டு விடவில்லை. கடை கடையாகப் போன் போட்டு, அளவு சொல்லி, படம் அனுப்பி, ஏதோ ஒரு கிடங்கின் மூலையில் உறை பிரிக்காமல் கிடந்த ஜோடியைப் பிடித்துவிட்டாள். அப்பா சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து, பட்டறையில் கொடுத்து மாட்டியும் விட்டாள். கார் நாலு விரல் எழும்பி, வாங்கின புதிதில் நின்றதுபோல நிமிர்ந்து நின்றது.

அப்பா வந்தார். பார்த்தார்.

“யாரைக் கேட்டும்மா மாத்தின?”

“சொல்லாம செஞ்சு அசத்தலாம்னுதான்பா...”

“பழைய ஸ்பிரிங் எங்கே?”

“மெக்கானிக் இரும்புக்கடையில போட்டுட்டாராம்.”

அப்பா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ‘நல்லா இருக்கு’ என்று ஒரு வார்த்தை இல்லை.

சாயங்காலமானால் ஆற்றுப்பாலம் வரை காரில் ஒரு சுற்று. சிட்டு பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த வீட்டு வழக்கம் அது. போன வருஷம் அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, தேறி, தடியூன்றி நடக்க ஆரம்பித்த பிறகும் அந்தச் சுற்று நிற்கவில்லை. அன்றைக்கும் கிளம்பினார்கள். சிட்டு முதல் ஆளாகப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். கதவுவரை வந்த அம்மா, “என்னமோ தலையை வலிக்குது. நீங்க போயிட்டு வாங்க” என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாளும் தலைவலி. அதற்கு மறுநாளும்.

அப்பா கடுகடுவென்று இருந்தால் அம்மாவுக்குத் தலைவலி வராமல் என்ன செய்யும்? ஊருக்குத் திரும்புவதற்குள் மூன்று பேருமாக ஒரே ஒரு சுற்று போனால் போதும் என்றிருந்தது சிட்டுவுக்கு. அப்பாவோ அவளையும் இழுத்துக்கொண்டு பழைய இரும்புக்கு நடுவில் நிற்கிறார்!

ஒவ்வொரு ஸ்பிரிங்காக நிறுத்தி, இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார் அப்பா. ‘ஊஹூம்’ என்று தள்ளினார்.

அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்கச் சிட்டுவுக்குப் பழைய நாட்கள் ஞாபகம் வந்தன. பாலத்துக்கு முன்னால் ஒரு மேடு வரும். அப்பா வேண்டுமென்றே வேகம் குறைக்க மாட்டார். பின்சீட்டில் அவளும் அண்ணனும் எம்பிக் கூரையில் தலையை இடித்துக்கொள்வார்கள். “பிள்ளைங்க மண்டை என்னத்துக்கு ஆகும்!” என்று கத்துகிற அம்மாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள்.

“இது, இது!” என்று அப்பாவின் குரல் கேட்டது. “இதைப் போட்டா வண்டி எவ்வளவு இறங்கும்?”

“தாராளமா நாலு விரல். ஆனா ரோட்டுல இருக்கிற பள்ளத்தையெல்லாம் எண்ணிக்கிட்டே போகணும், பரவாயில்லையா?”

“எண்ணிக்கிறோம். பொழுது போகணுமே!”

பட்டறையில் மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக அதை மாட்டினார். கார் மறுபடியும் மூக்கைத் தொங்கப்போட்டது.

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அப்பா குரல் கொடுத்தார். “என்ன, ஒரு சுற்று போலாமா?”

அம்மா தயங்கித் தயங்கி வந்தாள். சிட்டு தாங்கிப் பிடிக்கப் போனாள். அப்பா கண்ணாலேயே ‘வேண்டாம்’ என்றார்.

அம்மா கதவைப் பற்றிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். பாதம் மயிரிழையில் கார்ப்படியைத் தாண்டி உள்ளே போனது. சீட்டில் சாய்ந்து பெருமூச்சு விட்டவள் முகமெல்லாம் சிரிப்பு.

“பார்த்தியாடி! மூணு நாளா காலைத் தூக்கவே முடியல. மறுபடியும் இழுத்துக்கிச்சோன்னு உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருந்தேன். உங்க அப்பாகிட்டகூடச் சொல்லல. இப்போ பாரு, யாரும் பிடிக்காம நானே ஏறிட்டேன்!”

“நாளுக்கு நாள் தேறிக்கிட்டு வருதுன்னு நான் சொன்னா நீ நம்பினாத்தானே?” என்றார் அப்பா, ரோட்டைப் பார்த்தபடியே.

சிட்டு தாழ்ந்து நின்ற கார்ப்படியைக் குனிந்து பார்த்தாள். சத்தமில்லாமல் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

கார் பள்ளத்தில் இறங்கித் தூக்கிப் போட்டது. அம்மா சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

“பரவாயில்லடி, நீ போட்ட ஸ்பிரிங் சுகமாத்தான் இருக்கு.”

“பின்னே என்னம்மா?” என்றாள் சிட்டு. “புதுசாச்சே!”