ஓர் ஏரி உருவான விதம்

உலகத்தில் மலை ஏரி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று பகலவன் வாய்க்கால் கரையில் நின்று அறிவித்தான்.

இருப்பதெல்லாம் திருட்டுத் தண்ணீர்தான்.

தஞ்சாவூர்க் கல்லூரியில் மலை ஏரிச் சுற்றுலாத் தலம் ஒன்றின் வரலாற்றை ஆய்வு செய்கிறான். பாபநாசத்துப் பையன் அதை ஏன் எடுத்தான் என்று பேராசிரியருக்கே தெரியாது.

“ஓடை பாட்டுக்குக் கீழ ஊருக்குப் போயிட்டிருந்துச்சு அத்தை. ஒரு வெள்ளைக்காரத் துரை, படகு விடணும்னு குறுக்க கரையப் போட்டுட்டான். கீழ நெலமெல்லாம் காஞ்சுது. மேல ஓட்டல் வந்துச்சு, குதிரை வந்துச்சு. இன்னைக்கு நாம பஸ் புடிச்சுப் போயி அங்க செல்ஃபி எடுக்கிறோம். வெக்கங்கெட்ட ஜனம்!”

“பாங்கு சொன்னதும் மறக்காம தொறந்து விடுங்க, தொரை” என்றாள் காத்தாயி அத்தை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே தன் வயலுக்கு நடந்தாள்.

அந்த வாய்க்காலில் முறை அப்படி. பள்ளிவாசலில் பகல் பாங்கு சொல்லும்வரை தண்ணீர் பகலவன் வீட்டு நாற்றங்காலுக்கு. சொன்னதும், வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட மண் சாக்கை எடுத்துவிட வேண்டும். பிறகு அத்தைக்கு. யாரும் எழுதி வைக்கவில்லை; யாரும் மீறியதுமில்லை.

அன்று தண்ணீர் மனசில்லாமல்தான் வந்தது.

நாற்றங்காலில் பாதிதான் நனைந்திருந்தது. மறுபாதியில் தரை வெடித்து, நாற்று நுனி மஞ்சளாகிவிட்டது. இன்றைக்கு நனையாவிட்டால் கருகிவிடும். கருகினால் இந்த வருஷம் குறுவை இல்லை.

பாங்கு கேட்டது.

பகலவன் குனிந்து சாக்கின் காதைப் பிடித்தான்.

தண்ணீர் அப்போதுதான் வெடிப்பின் விளிம்பைத் தொட்டிருந்தது.

பிடித்தபடியே நின்றான்.

“என்னடா, தண்ணியக் காணும்?” கீழேயிருந்து அத்தையின் குரல். அவள் நாற்றும் மஞ்சள்தான். காலையில் பார்த்துவிட்டுத்தான் வந்தான்.

“மேல எவனோ மறிச்சுட்டான் போல அத்தை!”

“அவன் கட்டையில போக! நீ ஏன்டா வெயில்ல நிக்கிற? போயிச் சாப்புடு, போ!”

பகலவன் போகவில்லை. சாக்கின் ஓரத்தில் தண்ணீர் நூலாகக் கசிந்து கீழே போய்க்கொண்டிருந்தது.

கை நிறைய மண்ணை அள்ளி அங்கே வைத்து, குதிகாலால் அழுத்தி மிதித்தான்.