சிரித்த முகம்

பளாரென்று விழுந்த அறையில் என் கழுத்து டை தோளுக்குப் பின்னால் போய்விட்டது.

"எந்திரிச்சு ஓடுடா! இந்த வேலை எனக்குத்தான்" என்றான் சிவப்புச் சட்டைக்காரன். இன்டர்வியூவுக்கு வந்த மற்ற இருவரும் அவனிடம் உதை வாங்கி ஏற்கெனவே ஓடியிருந்தார்கள்.

நான் புன்னகைத்தேன். அக்கா வீட்டுக்காரர் காலையில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "மாப்ள, வாசல்ல கால் வெச்சதுமே இன்டர்வியூ ஆரம்பிச்சிரும். எவனாவது வம்புக்கு இழுத்தா, அது கம்பெனி வைக்கிற டெஸ்ட்டு. சிரிச்ச முகமாவே இரு."

அடுத்த குத்து வாயில் விழுந்தது. முன்பல் ஆடியது.

"தேங்க்யூ சார்" என்றேன்.

உதைத்தான். நாற்காலியோடு சரிந்தேன். எழுந்து, டையை நேராக்கி, சுவரில் இருந்த கேமராவுக்கும் ஒரு வணக்கம் வைத்தேன்.

முதலில் அவனை உள்ளே கூப்பிட்டார்கள். பிறகு என்னை.

மேனேஜர் என் மூக்கு ரத்தத்தைப் பார்த்து டிஷ்யூ நீட்டினார். "கேமராவுல பார்த்தேன். திருப்பி ஒரு அடிகூட அடிக்கலையே, ஏம்பா?"

"டெஸ்ட்டுன்னு கண்டுபிடிச்சிட்டேன் சார்!"

"என்ன டெஸ்ட்டு? அவனும் உன்ன மாதிரி வேலை கேட்டு வந்தவன்தான்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "அப்ப அந்த ரவுடிய போலீஸ்ல புடிச்சுக் குடுங்க சார்!"

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதப்பா. நாங்க ஆள் எடுக்கிறது செக்யூரிட்டி வேலைக்கு."

மணியை அழுத்தினார். கதவு திறந்தது. புது யூனிஃபார்ம் சட்டைக்குப் பட்டன் போட்டபடி, சிரித்த முகமாக அவன் நின்றான்.

"கிளம்புங்க சார்."