முதுகு காட்டிய திரை

றம்லாவுக்கு நடந்துகொண்டிருந்தது பச்சை அநியாயம். மூதூரிலிருந்து விடியவே பஸ் ஏறி வந்த மனுசியை முன்னால் இருத்தி வைத்துவிட்டு, கந்தோர்க் கிளாக்கர் கித்சிறி ஒரு வார்த்தை கதைக்காமல் மடிக்கணினியில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பின்னால், சுவரோரக் கதிரையில் இருந்த இன்ஷிராவுக்கு இரத்தம் கொதித்தது.

துறைமுகத்தடியில் இருக்கும் அந்தச் சின்னக் காப்புறுதிக் கந்தோரில் அவளுக்கு இன்று பயிற்சியின் முதல் நாள். கம்பஸில் தொடர்பாடல் படிக்கிறவள். முகாமையாளர் பாக்கியரத்தினம், "இதில இருங்கோ பிள்ளை, உடைஞ்ச வள்ளம் ஒண்டைப் பார்த்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டிருந்தார்.

அவர் போன கையோடு வந்தவதான் றம்லா. வாசலில் நின்றே இன்ஷிராவைப் பார்த்துக் கேட்டா.

"மகள், இங்க தமிழ் கதைக்கிற ஆள் இருக்காங்களா? எனக்குச் சிங்களம் ஏலாது. எங்கட வள்ளத்து எஞ்சின் எரிஞ்சு போச்சு. இண்டைக்குப் பதியாட்டி ஒண்டும் கிடைக்காதாம்."

"பயப்பிடாதீங்க மாமி, நான் இருக்கன்தானே" என்றாள் இன்ஷிரா.

கித்சிறி வாயே திறக்கவில்லை. கதிரையைக் கையால் காட்டினார். அவ்வளவுதான். அதற்கு முதல் வந்த சிங்கள ஐயாவோடு கந்தோர் அதிரச் சிரித்துக் கதைத்த அதே மனிசன்.

இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் இன்னொன்று. அந்த மடிக்கணினி.

இரண்டு திரை. புத்தகம் மாதிரி விரியும்; ஒன்றைப் பிடித்து எந்தப் பக்கமும் திருப்பலாம். ஒரு வருசமாக வாப்பாவிடம் அவள் கேட்டுச் சண்டை பிடிக்கிற அதே சாமான்.

"ஒண்டில ஆய்வுக் கட்டுரை, மற்றதில ஆதாரம் வாப்பா. மாறி மாறித் திறந்து மூடத் தேவையில்ல."

"உன்ட வாய்க்கு ரெண்டு திரை காணாது மகள்" என்று வாப்பா ஸெய்னுதீன் எழும்பிப் போய்விடுவார்.

இங்கே பார்த்தால், கித்சிறி அதில் ஒன்றை முறுக்கி வெளிப்பக்கமாக விட்டிருக்கிறார். அது அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. வருகிற சனத்துக்குப் படம் காட்டுகிறாராக்கும். மற்றதில், இன்ஷிராவின் கண்ணுக்கு முன்னாலேயே, சிங்களத்தில் அரட்டை போகிறது. இவர் ஒரு வரி, எதிரில் யாரோ ஒரு வரி. அவளுக்கு அதில் ஓரெழுத்தும் வாசிக்கத் தெரியாது. கம்பஸில் சிங்கள வகுப்பு நடக்கிற நேரம் அவளுக்கு விவாத மன்றம். ஆனால் அரட்டை என்று அறிய மொழி எதற்கு? அந்தாள் நடுவில் கெக்கட்டம் விட்டுச் சிரிக்கிறாரே.

முன்னால் திரைக்கு அந்தப் பக்கம், றம்லாவின் குனிந்த தலை மட்டும் தெரிந்தது. திடீரென்று தோள் குலுங்கியது. முந்தானையால் கண்ணைத் துடைத்தா.

அதற்கு மேல் இன்ஷிராவால் இருக்க ஏலவில்லை. எழும்பினாள்.

"சேர், இது கந்தோர். அரட்டை அடிக்கிற இடமில்ல. ஒரு மனுசி உங்களுக்கு முன்னால இருந்து அழுகிறா. தமிழ் எண்டால் அவ்வளவு இளக்காரமோ? இந்த ஊரில வேலை செய்யிறதெண்டால் எங்கட பாஷையைப் படிச்சிட்டெல்லோ வந்திருக்கோணும்?"

கித்சிறி திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு தன் திரையைப் பார்த்தார். பிறகும் அவளைப் பார்த்தார். மறுபடி தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

"பாத்தீங்களா மாமி இந்தாளின்ட திமிரை?"

"ஆர் மகள் அழுதது?" திரைக்குப் பின்னாலிருந்து றம்லாவின் முகம் எழும்பியது. சிரித்துச் சிரித்துக் கண் நிறைந்திருந்தது. "சும்மா கத்தாம இங்கால வாங்க."

இன்ஷிரா மேசையைச் சுற்றிக்கொண்டு போனாள். அந்த இரண்டாவது திரையில், கொட்டை கொட்டையாகத் தமிழ். கீழே, விரலால் தொட்டு எழுதத் தமிழ் எழுத்துப் பலகை.

*எஞ்சின் எப்பொழுது எரிந்தது?*

*முந்தாநாள் சேர். கெதியாப் பதிங்க. வள்ளம் ஓடாததால மனுசன் வீட்டில இருந்துகொண்டு என்னைத்தான் ஓட்டுறார்.*

*நான் விடுமுறையில் நின்றால் என் மனைவியும் இதையே கூறுவார். பதிந்துவிட்டேன். அச்சம் வேண்டாம்.*

"அவர் அங்கால சிங்களத்தில அடிக்க இங்கால தமிழ் வருது. நான் தமிழில எழுத அங்கால சிங்களமாப் போகுது" என்றா றம்லா. குரலில் பெருநாள் சந்தோசம். "தமிழ் கேட்டா விளங்குமாம், வாய்க்குத்தான் வராதாம். எந்தக் கந்தோருக்குப் போனாலும் கதைச்சுத் தர ஒரு ஆளைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போறவள் நான். இண்டைக்குத்தான் மகள் என்ட அலுவலை நானே முடிச்சன்."

இன்ஷிரா குனிந்து அந்த வரிகளைத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள்.

அப்போது திரையில் புதிதாக ஒரு வரி விழுந்தது.

"உங்களுக்குத்தான் எழுதுறார் போல" என்றா றம்லா.

இன்ஷிரா வாசித்தாள்.

*தங்கையே, நீங்கள் கூறியது சரி. நான் தமிழ் படித்திருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு நேரமும் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தும், நாங்கள் என்ன பேசினோம் என்று உங்களுக்கு விளங்கவில்லையா? கவலை வேண்டாம். நீங்களும் அந்தப் பக்கமே அமருங்கள்.*