உயிரோடு இருப்பதற்கு ஆதாரம்

"நான் உயிரோடதாம்மா இருக்கேன்!" வீடியோ அழைப்பில் கத்தினார் முன்னாள் எம்.எல்.ஏ. குருவையா.

இணையக் கலைக்களஞ்சியத்தில் அவர் 'காலமானார்' என்று சரிபார்த்துப் பதித்தவள் தமயந்தி. எதிர்க்கட்சிக்காரர்கள் கேலிக்காக ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நிஜமென்று நம்பிவிட்டாள். களஞ்சியத்தை மட்டுமே நம்பும் ஆஸ்பத்திரி இயந்திரம், இறந்தவருக்கு டயாலிசிஸ் கிடையாது என்றுவிட்டது.

"என் தப்புதான் ஐயா. ஆனா திருத்தணும்னா, நீங்க இருக்கீங்கன்னு பத்திரிகையில வந்திருக்கணும். அதான் விதி."

"இருக்கான்னு எவம்மா செய்தி போடுவான்? செத்தாத்தானே போடுவான்!"

தமயந்தி எல்லாப் பத்திரிகைகளிடமும் கெஞ்சினாள். ஒருவரும் அசையவில்லை.

அந்த வாரமே குருவையாவின் மனைவி சண்முகத்தாய் தமயந்தியின் வாசலில் வந்து நின்றாள். கையிலிருந்த பத்திரிகையின் இரங்கல் பக்கத்தில் குருவையா சிரித்துக்கொண்டிருந்தார்.

"பத்திரிகையில வந்துட்டாரு தாயி. ஆதாரம் போதுமா?"

தமயந்தி திரும்பிப் பார்த்தாள். உள்ளே திரையில், அவளுடைய பழைய 'காலமானார்' பதிவுக்குப் பக்கத்தில் பச்சை டிக் விழுந்திருந்தது.