அது வந்துடுச்சா?

சாவித் துவாரத்தின்மேல் அவன் டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். பட்டப்பகல், பத்து மணி.

அடுப்படியிலிருந்து பார்த்த மனைவிக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமாகி எட்டு மாதம் கழித்து இப்போதுதான் ஐயாவுக்குப் புதுமாப்பிள்ளைக் களையே வந்திருக்கிறது.

அதுவரைக்கும் அவள் பட்ட பாடு கொஞ்சமா? தொட்டாலும் பாதியில் கையை எடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். தன்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று தலையணை நனைய அழுதிருக்கிறாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கே போய்விடலாமா என்றுகூட யோசித்தாள்.

தையல் கம்பெனியில் பக்கத்து மெஷின் அக்காதான் கேட்டாள், அவர் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று. சாப்பிட்டான். தினமும் இரண்டு. ஒற்றைத் தலைவலிக்கு என்று கல்யாணத்தின்போதே சொல்லியிருந்தார்கள்.

சில மாத்திரை ஆம்பளைக்கு ஆகாது, நிறுத்திப் பாரு என்றாள் அக்கா.

மகளின் பிரசவத்துக்கு மாமியார் ஊருக்குப் போன மறுநாளே அவள் மாத்திரை அட்டைகளைக் குப்பையில் போட்டாள். அவன் தடுக்கவில்லை. அவனுக்கும் அந்த மாத்திரையின்மேல்தான் சந்தேகம். டாக்டரிடம் சொல்லியிருந்தால் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்திருப்பார். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகும்போதெல்லாம் பக்கத்து நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருப்பாள். பெற்றவளை வைத்துக்கொண்டு எந்த மகன் இதற்கு வாய் திறப்பான்?

ஒரு மாதம் ஆயிற்று. கடைசிப் பத்து நாளாக வேறு ஆள். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற வேலைக்குக்கூடப் போகாமல், ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, அவளையே சுற்றிச் சுற்றி வந்தான்.

மாமியார் இன்று காலைதான் திரும்பி வந்திருந்தாள். மகனை ஒரு பார்வை பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள். அடுப்படிக்குள் வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"ஏம்மா, அவனுக்கு அது திரும்ப வந்துடுச்சா?"

அடக் கடவுளே, ஒரு மாமியார் கேட்கிற கேள்வியா இது! அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வந்துடுச்சு அத்தை. பத்து நாளாச்சு."

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் 'அது' என்றால் ஒன்றுதான். டாக்டர் தன் சீட்டில் மனச்சிதைவு என்று எழுதியிருந்தார். அந்த வார்த்தை வெளியே தெரிந்தால் பையனுக்குப் பெண் கிடைக்காது என்று பயந்து, அவனுடைய இருபத்திரண்டு வயதிலிருந்தே அம்மா அதை 'அது' என்றுதான் சொல்வாள். வாழ வந்தவளிடம் அதைக்கூடச் சொல்லவில்லை, பாவி.

"உங்கிட்ட என்ன சொல்றான்?" மாமியார் நெருங்கி வந்து நின்றாள்.

இந்த வயதில் அத்தைக்கு எதற்கு இந்த விசாரணை என்று மருமகள் நினைத்தாள். ஆனால் எட்டு மாதம் கழித்து வந்த சந்தோஷத்தை அவளால் மறைக்க முடியவில்லை.

"நான் வேலைக்குப் போனாலும் என் குரல் அவரு காதுலயே கேட்டுக்கிட்டு இருக்காம், அத்தை."

"என்ன... என்ன சொல்லுதாம் உன் குரலு?"

"அதைத்தான் சொல்ல மாட்டேங்கிறாரு." அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கேட்டா, ஏன், உனக்குத் தெரியாதாங்கிறாரு."